வாஹித்தின் பூங்காவைப் பார்க்க வந்தவர்கள்

யாராவது முகம் சுளித்தால் அப்துல் வாஹித்துக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கம்பம் ஊரில் அவர்கள் தெருவில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பந்தியில் தண்ணீர்ச் சொம்போடு முதல் ஆளாக நிற்பான். கறி வெந்திருக்கா, சோறு போதுமா என்று ஒவ்வொருவரிடமும் குனிந்து கேட்டுக்கொண்டே போவான். யாராவது தலையாட்டிச் சிரித்துவிட்டால் அவனுக்கு வயிறு நிறைந்துவிடும்.

அவனுடைய அண்ணன் சேக் பரீத் நேர் எதிர். ஏலக்காய் வியாபாரி. எதிரில் நிற்பவன் அழுதாலும் சிரித்தாலும் சொன்ன விலையிலிருந்து இறங்காத ஆள்.

"ஏலே, ஊருக்கெல்லாம் பல்லக் காட்டாத. ஊரு ஒரு நா அந்தப் பல்லப் பிடுங்கித்தான் பாக்கும்" என்று தம்பியைத் திட்டுவான்.

ஊரெங்கும் பிரவுசிங் சென்டர்கள் முளைத்துக்கொண்டிருந்த நேரத்தில் வாஹித்தும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியைப் பிடித்து சென்டர் போட்டான். பரீட்சை முடிவு பார்க்க வருபவர்கள், வளைகுடாவில் இருக்கும் மாப்பிள்ளைக்கு மெயில் அனுப்ப வருபவர்கள் என்று கூட்டத்துக்குக் குறைவில்லை. கூட்டம் இல்லாத மத்தியான வேளையில்தான் அந்த கேம் அவனுக்குப் பழக்கமானது. தேனியில் ஒரு சிடி கடையில் நகல் எடுத்து வாங்கி வந்தது. மிருகக்காட்சிசாலை நடத்தும் விளையாட்டு.

திரையில் முதலில் வெறும் நிலம் கிடக்கும். வேலி அடைத்து, பாதை போட்டு, மிருகங்களை வாங்கி விட வேண்டும். வாயிலைத் திறந்ததும் சனம் வரும். சென்டருக்கு வந்து விளையாடிய மற்றவர்களெல்லாம் சிங்கத்தையும் யானையையும் பார்த்தார்கள். வாஹித் சனத்தைப் பார்த்தான். தொப்பி போட்ட ஆண்கள், பிள்ளையைக் கையில் பிடித்த பெண்கள், எல்லாம் விரலளவு உருவங்கள். எவர் மேல் மவுஸை வைத்து அழுத்தினாலும் அவர் மனதில் ஓடுவது எழுத்தாக வந்து நிற்கும். தாகமாக இருக்கிறது. கால் வலிக்கிறது, உட்கார இடமில்லை. சிங்கம் புதருக்குப் பின்னால் படுத்திருக்கிறது, சரியாகத் தெரியவில்லை. வாஹித் உடனே பெஞ்சு போடுவான், புதரைத் தள்ளி நடுவான். அந்த ஆளின் தலைக்கு மேல் பச்சை நிறத்தில் ஒரு சிரிப்பு முகம் பூக்கும். குறை தீராதவர்களின் முகம் சிவந்துவிடும். அவர்கள் வாயிலை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுவார்கள். அப்படிப் போகிறவரை வாஹித்தால் விட முடியாது. அவருக்கு முன்னாலேயே பாதையை வளைத்து, ஐஸ்கிரீம் கடை வைத்து, நிழல் மரம் நட்டு, எப்படியாவது திருப்பிக் கூட்டிவந்துவிடுவான்.

வாழ்க்கையில் எவரும் தனக்கு என்ன வேண்டும் என்று இப்படிப் பட்டென்று சொல்வதில்லை. அதுதான் அவனை அந்தத் திரையின் முன்னால் கட்டிப்போட்டது.

அந்தச் சனம் நல்ல சனமாகவும் இருந்தது. கூண்டுக்குள் மிருகம் நோயில் கிடந்தால் வேலியோரம் நிற்கிறவர்களின் முகம் வாடிவிடும். வேலி உடைந்து சிங்கம் வெளியே வந்துவிட்டால் அலறிக்கொண்டு நாலா பக்கமும் ஓடுவார்கள். சில பையன்கள் வேண்டுமென்றே வேலியை எடுத்துவிட்டுச் சிங்கத்தை ஆள் மேல் ஏவி விளையாடுவார்கள். வாஹித் கண்டால் கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பி அனுப்பிவிடுவான்.

"கட்டுன பொண்டாட்டிக்கு என்ன வேணும்னு கேக்க நேரமில்ல. பொட்டிக்குள்ள இருக்குறவகளுக்குக் கக்கூசு கட்டிக்கிட்டு இருக்கீக" என்பாள் முபீனா. உத்தமபாளையத்துப் பெண். வாய் கொஞ்சம் நீளம். "எம்மேலயும் அந்த எலிய வச்சு அமுக்கிப் பாருங்க. சோத்துக்கு வராம உக்காந்திருக்கீகன்னு எழுத்து வரும்."

அவன் சிரிப்பான். அவள் சிரித்தால் அவனுக்கு அதுவும் போதும்.

மாடிக்கு மாடி சென்டர் வந்தது. பிறகு வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்தது. வாஹித்தின் சென்டரில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அந்தச் சமயத்தில்தான் சுருளிப்பட்டிச் சாலையில் சேக் பரீத்துக்கு இருந்த திராட்சைத் தோட்டம் வேரழுகி மொத்தமாகப் பட்டுப்போனது. கொடியைப் பிடுங்கி எரித்த பிறகு கல்தூண்களும் மேலே கம்பிப் பந்தலும் மட்டும் நின்றன. சுருளி அருவிக்குப் போகிற வண்டியெல்லாம் அந்த வழியாகத்தான் போக வேண்டும். விடுமுறை நாளில் மதுரை வண்டியும் கேரளா வண்டியும் வரிசை கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாலையோரத்தில் நின்றபோது வாஹித்துக்கு முழுப் பூங்காவும் கண் முன்னால் தெரிந்தது. எங்கே வாயில், எங்கே பெஞ்சு, எங்கே நிழல் எல்லாம். அண்ணனிடம் கெஞ்சி அந்த நிலத்தைக் குத்தகைக்கு வாங்கினான்.

காட்டு மிருகம் எதுவும் வைக்கக் கூடாது என்று விசாரித்த இடத்தில் சொல்லிவிட்டார்கள். வாத்து, வான்கோழி, முயல், கூண்டுக் குருவிகள் வைக்கலாம். அதோடு, ஈமு வளர்ப்பு பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஆளுயரப் பறவை, பறக்காது, பார்த்தால் சனம் வாய் பிளக்கும். ஈரோட்டுப் பக்கம் போய் ஒரு லாரி நிறைய ஏற்றிக்கொண்டு வந்தான். கல்தூண்களுக்கு இடையில் கம்பிவலை கட்டி வேலியாக்கினான். கரும்புச்சாறு, சோடா விற்கவும் பறவைகளுக்குத் தீனி போடவும் சுருளிப்பட்டிக்காரி மூக்கம்மாளை வேலைக்கு வைத்தான். சீட்டுக் கொடுக்க முபீனா உட்கார்ந்தாள். இரண்டாயிரத்து ஆறாம் வருடம் கோடை விடுமுறையில் பூங்கா திறந்தது.

விளையாட்டில் கற்ற எதையும் அவன் விடவில்லை. நடந்து களைக்கும் தூரத்தில் பெஞ்சு. பெஞ்சுக்குப் பக்கத்தில் குப்பைத் தொட்டி. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை. பறவைகளுக்கு மிரட்சி வரக் கூடாது என்று வேலிக்குள்ளே அகத்திப் புதர். முதல் நாள் வந்தவர்களின் பின்னாலேயே நடந்து அவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டான்.

"என்னத்தடா இருக்கு உள்ள? நெட்டக் கோழி நாலு நிக்கிது. அதுவும் செடிக்குள்ள பதுங்கிக் கெடக்கு."

"இதுக்குச் சீட்டு வேற."

ஒருவர் முகத்திலும் பச்சை இல்லை. அன்று இரவு வாஹித் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து கை கழுவினான். மறுநாள் காலையில் அரிவாளை எடுத்துப் போய் அகத்திப் புதரை அடியோடு வெட்டினான். பறவைகளுக்கு ஒளிய இடமில்லாமல் போயிற்று. வெயிலில் வாய் பிளந்துகொண்டு வேலியோரம் நடந்தபடியே இருந்தன. சனத்துக்கு நன்றாகத் தெரிந்தது.

ஆனால் பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? பார்த்தார்கள், போனார்கள். பெஞ்சில் உட்காரவில்லை.

மாற்றம் மூக்கம்மாளால் வந்தது. ஈமுக்களில் ஒன்றுக்குக் கழுத்து நல்ல கறுப்பு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பது போல நடக்கும். அதற்கு அவள் வக்கீல் என்று பெயர் வைத்திருந்தாள். பளபளப்பாக எதைக் கண்டாலும் கொத்துகிற பறவை. ஒருநாள் சோடா உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் தகர மூடியை வேலிக்குள் சுண்டிவிட்டாள். வக்கீல் ஓடி வந்து கொத்தி, தலையை அண்ணாந்து விழுங்கிற்று. மூடி இறங்குவது நீளக் கழுத்தில் மேடாகத் தெரிந்தது. சோடா குடித்துக்கொண்டிருந்த குடும்பம் கை தட்டிச் சிரித்தது. மூக்கம்மாள் இன்னொன்றைச் சுண்டினாள்.

வாஹித் ஓடி வந்தான். "ஏய், என்ன செய்யிற? செத்துப் போயிரும்."

"அட போங்க மொதலாளி. கல்லத் தின்னு செரிக்கிற சாதி இது" என்றாள் அவள்.

அவன் திரும்பி அந்தக் குடும்பத்தைப் பார்த்தான். பெரியவர், சின்னவர், இடுப்பில் இருந்த குழந்தை எல்லாருடைய முகமும் விரிந்திருந்தது. திறந்த நாளிலிருந்து அவன் தேடிக்கொண்டிருந்த முகம் அது. திட்ட எடுத்த வாயை மூடிக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

சில வாரங்களுக்குள் பஸ்ஸிலேயே பேச்சு பரவிவிட்டது. சுருளிப்பட்டியில் இரும்பு தின்கிற கோழி. வருகிறவர்கள் வீட்டிலிருந்தே ஆணி, கொண்டை ஊசி, உடைந்த வளையல் எல்லாம் எடுத்து வந்தார்கள். 'எதையும் போடாதீர்கள்' என்று வாஹித் எழுதி வைத்திருந்த பலகையின் மேல் ஏறி நின்று போட்டார்கள். பெஞ்சுகள் நிறைந்தன. சோடா பற்றாமல் இன்னொரு தடவை வாங்கப் போக வேண்டியிருந்தது. வாஹித் அந்தப் பலகையைத் தானே கழற்றிப் பின்கட்டில் போட்டான். சனத்துக்கு மறைக்கிறது என்று முபீனாவிடம் காரணம் சொன்னான்.

வக்கீல் மெலிந்தது. பிறகு நடை தள்ளாடிற்று. ஒரு காலையில் வேலியில் கழுத்தைச் சாய்த்தபடி செத்துக் கிடந்தது. முபீனா மாட்டாஸ்பத்திரி டாக்டரை வரவழைத்து அறுத்துப் பார்க்கச் சொன்னாள். உள்ளே இருந்ததை ஒரு எவர்சில்வர் தட்டில் வாங்கி, கழுவிக்கூடப் பார்க்காமல், சாப்பிட உட்கார்ந்திருந்த வாஹித்தின் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். சோடா மூடிகள், ஆணிகள், யாரோ ஒரு பெண்ணின் கொலுசுத் திருகு, பாதிச் சாவி.

"இதயும் பெசஞ்சு சாப்புடுங்க" என்றாள்.

வாஹித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"எம்புட்டு சனம் வந்துச்சு பாத்தியா முபீனா? ஒருத்தராச்சும் மொகத்தச் சுண்டிக்கிட்டுப் போனாகளா?"

அவள் சோற்றுப் பானையை மூடிவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த வருடங்களில் பூங்கா ஏதோ ஓடிற்று. வக்கீல் போன பிறகு இரும்பு தின்ன மற்ற பறவைகள் அத்தனை ஆசைப்படவில்லை. கூட்டம் தேய்ந்தது. முகங்கள் மறுபடி சுளித்தன. வாஹித் முயல்களுக்குச் சட்டை தைத்துப் போட்டுப் பார்த்தான். கரும்புச்சாற்றில் எலுமிச்சை பிழிந்து பார்த்தான். எதுவும் எடுபடவில்லை.

ஒரு குளிர்காலத்தில் பெட்டை ஈமு ஒன்று கரும்பச்சை நிறத்தில் முட்டைகள் இட்டது. அந்த இனத்தில் அடைகாப்பது சேவல். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், தீனி தேடி எழாது, தண்ணீருக்கும் அசையாது. வேலியோரம் இருந்த பள்ளத்தில்தான் அது அடையில் உட்கார்ந்தது. முபீனா அதைச் சுற்றிப் பழைய சாக்கைக் கட்டி மறைத்து வைத்தாள். பொங்கல் விடுமுறை வந்தது. காணும் பொங்கலன்று அருவிக்குப் போய்த் திரும்பிய கூட்டம் பூங்காவுக்குள் கொள்ளாமல் நிறைந்தது. முதல் வேலையாகச் சாக்கைக் கிழித்தார்கள்.

"எந்திரிக்க மாட்டேங்குது பாரு."

"செத்துப் போச்சா?"

"கல்ல விட்டுப் பாரு, தெரியும்."

விட்டார்கள். பறவை கழுத்தை மண்ணோடு ஒட்டிக்கொண்டது; எழவில்லை. இன்னும் பெரிய கல் வந்தது. ஒருவன் வேலிக்குள் கம்பை விட்டுக் குத்தினான். முபீனா கத்திக்கொண்டு ஓடி வந்தாள், கூட்டத்தைத் தாண்டி அவளால் உள்ளே வர முடியவில்லை. பின்னால் இருந்தவர்கள் பார்க்க வேண்டும் என்று முன்னால் இருந்தவர்களைத் தள்ள, கம்பிவலை சரிந்து விழுந்தது. அப்போதுதான் பறவை எழுந்தது. விழுந்த வலையை மிதித்துத் தாண்டி வெளியே ஓடிற்று.

வாஹித்துக்கு அந்த நொடியில் கேம்தான் நினைவுக்கு வந்தது. மிருகம் வெளியே வந்தால் சனம் அலறிச் சிதறும். இங்கே அலறவில்லை. ஒரு பெரிய ஆரவாரம் எழுந்தது. அவ்வளவு சனமும் பறவையின் பின்னால் ஓடிற்று. பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துப் பந்தலுக்கடியில் புகுந்து, வாய்க்காலைத் தாண்டி, மறுபடி சாலைக்கு வந்து, பறவையை விரட்டிக்கொண்டே இருந்தார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெண்களும் ஓடினார்கள். கடைசியில் பறவை ஒரு முள்கம்பி வேலியில் பாய்ந்து கால் முறிந்து சிக்கிக்கொண்டது. அதைக் கயிற்றில் கட்டி, நாலு பேர் தோளில் தூக்கி, விசிலடித்துக்கொண்டு பூங்காவுக்குக் கொண்டுவந்து போட்டார்கள். முட்டைகள் கூழாகிக் கிடந்தன.

வியர்வை வழிய ஒருவர் வந்து வாஹித்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அண்ணே, அருவியெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. இதான்ணே இன்னைக்கு. அடுத்த வருசமும் வருவோம்."

அன்று மாலை வாஹித் பின்கட்டில் குனிந்து வாந்தி எடுத்தான். அது உண்மை. அதன் பிறகு படுத்துக்கொண்டு அந்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். அதுவும் உண்மை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் சீட்டு வாங்கும்போதே கேட்டார்கள்: "இன்னைக்கு ஓடுமா?" ஓடாது என்றதும் சிலர் திரும்பிப் போனார்கள். போகிறவர்களின் முதுகை வாஹித் பார்த்துக்கொண்டு நின்றான். மத்தியானத்துக்கு மேல் கூட்டம் சேர்ந்தபோது அவன் வேலியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனான். அங்கே தீனி கொண்டுபோகிற சின்னக் கதவு இருந்தது. கொண்டியைத் தூக்கிவிட்டு, கையை உதறிக்கொண்டு, முன்பக்கம் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

"ஐயோ, பறவ வெளிய வந்துருச்சு!" என்று அவனே கூவினான்.

அதற்குப் பிறகு அது வழக்கமாயிற்று. ஒவ்வொரு விடுமுறை நாளிலும் ஏதாவது ஒரு பறவை தப்பித்துவிடும். சனம் துரத்தும். சில பறவைகள் உயிரோடு திரும்பின, சில திரும்பவில்லை. வேலி இற்றுப்போச்சு, ஆள் வைத்துக் கட்ட வேண்டும் என்று முபீனாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் நம்பினாள். ஒருதரம் அவளே கம்பியும் குறடும் எடுத்துக்கொண்டு வேலி முழுக்கச் சுற்றி வந்து, முழங்கை கிழிய ஓட்டைகளை அடைத்தாள்.

அவர்களுக்கு சானியா என்று ஒரு மகள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த வயது. லீவு நாளில் பூங்காவில்தான் திரிவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, முகமெல்லாம் புழுதியோடு, கையில் ஒரு கல்லோடு ஓடி வந்தாள். முபீனா சீட்டுக் கட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். வாஹித் பக்கத்தில் நின்றான்.

"அம்மா, நான் எறிஞ்ச கல்லு அது மேல பட்டுச்சும்மா! எல்லாரும் கை தட்டுனாக!"

முபீனா யோசிக்காமல் கையை ஓங்கி ஓர் அறை விட்டாள். பிள்ளை அழவில்லை, திகைத்துப் போய்த் தகப்பனைப் பார்த்தது.

"அத்தா, அம்மாட்ட என்னய அடிக்க வேணாம்னு சொல்லுங்க. அடுத்த லீவுக்கும் கதவத் தெறந்து விடுவீகல்ல?"

முபீனா கையிலிருந்த சீட்டுக் கட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"என்ன கதவு?"

"பின்னாடி இருக்குல்ல, சின்னக் கதவு. அத்தாதான் தெறந்து விடுவாக. நான் பாத்துக்கிட்டே இருப்பேன்."

வாஹித் சிரிக்கப் பார்த்தான். "பிள்ள என்னமோ சொல்லுது..."

"நீங்க பேசாதீக" என்றாள் முபீனா. அவள் குரல் உயரவில்லை. "வேலிய அடைக்கிறேன்னு கையக் கிழிச்சுக்கிட்டு அலஞ்சனே, அன்னைக்கும் நீங்க பாத்துக்கிட்டு நின்னீக. ஒரு வார்த்த சொல்லல."

"வர்றவகளுக்கு அதான வேண்டியிருக்கு. நான் என்ன செய்ய? சும்மா நின்னு பாக்க யாரு வர்றா?"

"அவகளுக்கு வேண்டியிருக்கு. சரி. எம்மகளுக்கும் வேண்டியிருக்குன்னு ஆக்கிட்டீகளே."

அன்றே சானியாவை இழுத்துக்கொண்டு உத்தமபாளையத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள். சாலையில் நின்றபோது பிள்ளை பூங்காவுக்குப் போகணும் என்று அழுதது. முபீனா அந்தக் கன்னத்தில் பதிந்திருந்த தன் விரல் தடத்தைத் தடவிக்கொடுத்தபடி நின்றதை மூக்கம்மாள் பார்த்திருக்கிறாள்.

அவள் போன பிறகு வாஹித்துக்கு வீட்டில் ஆளில்லை, பூங்காவே கதி. இரண்டாயிரத்து ஒன்பது, ஆடி அமாவாசை. சுருளியில் முழுக்குப் போடவும் திதி கொடுக்கவும் சுற்றுவட்டாரமே திரண்டு வந்தது. திரும்பும் வண்டிகளில் பாதி பூங்கா வாசலில் நின்றது. அப்போதெல்லாம் கையில் கேமரா போன் வந்துவிட்டது. வேலியைச் சுற்றிலும் நெருக்கிக்கொண்டு, போனை உயர்த்திப் பிடித்துக் காத்திருந்தார்கள். மறைக்க இனி யாருமில்லை என்பதால் வாஹித் எல்லார் முன்னாலும் போய்க் கதவை அகலத் திறந்துவிட்டான்.

மீதியிருந்த பறவைகள் வெளியே வரவில்லை.

திறந்த கதவைப் பார்த்ததும் அவை எதிர் மூலைக்கு ஓடி, ஒன்றின் மேல் ஒன்று ஏறுவது போல நெருங்கி நின்றன. வெளியே என்ன இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

சனம் சற்று நேரம் பொறுத்தது. பிறகு முணுமுணுப்பு கிளம்பிற்று.

"என்னய்யா, ஏமாத்து வேலயா?"

"ஓட்டி விடுய்யா உள்ள போயி!"

வாஹித் அந்த முகங்களைப் பார்த்தான். அத்தனையும் சுளித்திருந்தன. அவனால் தாங்க முடியவில்லை. மூக்கம்மாள் கரும்பு கட்டி வைத்திருந்த மூங்கிலை உருவிக்கொண்டு உள்ளே போனான். மூலையில் நின்ற பறவைகளின் காலில் அடித்தான். அவை சிதறி, சுற்றி வந்து மறுபடி அதே மூலையில் அடைந்தன. மறுபடியும் அடித்தான். ஒரு பெட்டை மட்டும் நகராமல் நின்று அடித்தொண்டையில் உறுமி மேளம் அடிப்பது போல ஒலி எழுப்பிற்று. மூங்கிலை ஓங்கிக்கொண்டு அதன் நேர் முன்னால் போனான். அது காலைத் தூக்கி முன்புறமாக ஓர் உதை விட்டது. நகம் தொடையில் இறங்கி முழங்கால் வரை கிழித்துக்கொண்டு போனது.

விழுந்தான். எழப் பார்த்து மறுபடி விழுந்தான். கைலி அவிழ்ந்து காலில் சுற்றிக்கொண்டது. பறவைகள் மிரண்டு அவன் மேலேயே மிதித்து ஓடின. வேலியைச் சுற்றிப் பொங்கலன்று கேட்ட அதே ஆரவாரம் கேட்டது.

"எந்திரிக்கிறான் பாரு, எந்திரிக்கிறான் பாரு!"

"விழுந்துட்டான்டா!"

"எடு, எடு, நல்லா எடு."

மண்ணில் கிடந்தபடி அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். சுற்றிலும் கம்பிவலை, வலையோரம் நெருக்கமாக முகங்கள். ஒன்றுகூடச் சுளித்திருக்கவில்லை. கையை நீட்டினான். அதைப் பார்த்தும் யாரோ சிரித்தார்கள். கதவு அகலத் திறந்துதான் கிடந்தது. எவரும் உள்ளே வரவில்லை. மூக்கம்மாளும் சோடாக் கடையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மண் கறுத்துக்கொண்டே வருவதைக் கண்ட பிறகுதான் "ஐயோ ஆத்தா, ரத்தம்" என்று ஓடி வந்தாள். அவளும் ஒரு வேன் டிரைவருமாகத் தூக்கிக் கம்பத்துக்குக் கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரிக்கு முபீனா வந்தாள். வார்டுக்குள் வந்து கட்டிலோரம் நின்றாள்.

"எல்லாரும் சிரிச்சாக, முபீனா" என்றான் அவன். அவனுக்கு அது மட்டும்தான் சொல்லத் தோன்றியது.

"சிரிப்பாக. அதுக்குத்தான சீட்டுக் கிழிச்சுக் கொடுத்தோம்" என்றாள் அவள். பிறகு ஈரத்துணியால் அவன் முகத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தாள். அவளுக்குக் கோபம் போகவில்லை. ஆனால் துடைக்க வேறு ஆளில்லை.

பூங்கா அதோடு முடிந்தது. சேக் பரீத் மீதிப் பறவைகளை ஒரு ஹோட்டல்காரருக்குக் கறிக்குத் தள்ளிவிட்டான். கல்தூண்களுக்கடியில் புதுத் திராட்சைக் கன்று நட்டான். கால் நரம்பு அறுந்துபோனதால் வாஹித்துக்கு நடை நொண்டலாகிவிட்டது. அண்ணனின் ஏலக்காய்க் கடையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து காய் தரம் பிரிக்கிற வேலை கிடைத்தது. முபீனா திரும்பி வந்து குடும்பம் நடத்தினாள். சானியாவைக் கம்பத்திலேயே பள்ளியில் போட்டார்கள்.

ஆனால் அந்தப் போன்களில் எடுத்தது அழியவில்லை. ப்ளூடூத்தில் கைக்குக் கை மாறி, தேனி, போடி, குமுளி வரைக்கும் போயிற்று. கைலி அவிழ்ந்து ஒருவன் மண்ணில் புரள, நெட்டைக் கோழிகள் அவனை மிதித்து ஓடும் படம். மேலே யாரோ ஒரு குத்துப் பாட்டைச் சேர்த்திருந்தார்கள். சானியாவின் பள்ளி வேனில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் அதைப் போட்டுப் பார்த்தார்கள். அது தன் அத்தா என்று அவள் சொல்லவில்லை. அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்து முபீனாவிடம் மட்டும் சொல்லி அழுதாள். வேன் வேண்டாம் என்று முபீனா மறுநாளிலிருந்து பிள்ளையை நடத்தியே கூட்டிப்போனாள்.

இரண்டாயிரத்துப் பத்தில், ஏலக்காய் ஏலம் முடிந்து வியாபாரிகள் கடைக்கு வந்திருந்த ஒருநாள், போடியிலிருந்து வந்திருந்த ஓர் ஆள் வாஹித்தை உற்று உற்றுப் பார்த்தார். போனை எடுத்து ஏதோ தேடினார். பக்கத்தில் இருந்தவரின் தோளை இடித்தார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீக. அந்த ஈமுக்கோழிக்காரர் நீங்கதானா?"

உள்ளே கல்லாவில் இருந்த சேக் பரீத்தின் முகம் கறுத்தது. சாப்பாட்டு வாளியோடு அப்போதுதான் படியேறி வந்த முபீனா அங்கேயே நின்றாள்.

வாஹித் அந்த ஆளின் முகத்தைப் பார்த்தான். ஆவலோடு, கொஞ்சம் தயக்கத்தோடு, சிரிக்கத் தயாராக இருந்த முகம். இல்லை என்று சொல்லியிருந்தால் அது சுண்டிப்போயிருக்கும்.

"ஆமாண்ணே, நான்தான்" என்றான்.

"அட! நெசமாவா? காலு நல்லாக் கிழிஞ்சிருச்சாமே?"

கடையில் இருந்தவர்களெல்லாம் எழுந்து நெருங்கி வந்தார்கள். வாஹித் ஏலக்காய்த் தட்டை ஒதுக்கி வைத்தான். முபீனா "வேணாம்" என்று சொன்னது அவன் காதில் விழுந்ததா இல்லையா, தெரியவில்லை. பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே கைலியைத் தொடைக்கு மேல் ஏற்றி, எல்லாருக்கும் நன்றாகத் தெரியும்படி காலை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினான்.